பத்திரிகையில் ஒரு எழுத்து

சேலையூர், 18.6.1989, ஞாயிறு இரவு

மதியம் டிவியில் ஒரு பெண் விஞ்ஞானியின் வாழ்க்கையைப் படமாகப் போட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முதலாகப் போன பெண். ஆராய்ச்சி செய்தவள் அவள். கட்டுரை வெளியானபோது அதில் பேராசிரியர் பெயர் மட்டும். அந்த இடத்தில் என் மகள் சுமதி கையிலிருந்த முறுக்கைக் கடிக்க மறந்துவிட்டாள்.

படம் முடியும் முன்பே என் வீட்டுக்காரர் பல்லாவரத்து அச்சகக்காரரிடமிருந்து சுமதியின் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் கொண்டுவந்தார். சுமதி பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று இருந்தது. அவள் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவள். அச்சுப் பிழை என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"அதைத் தொடாதே, நான்தான் போடச் சொன்னேன். மாப்பிள்ளை பி.காம். தானே? பொண்ணு ஒசத்தியா தெரிஞ்சா அவங்க வீட்ல சங்கடப்படுவாங்க. ஒரு எழுத்து, இதுக்கு எதுக்குப் பேஜார்?"

"அப்போ அந்த ரெண்டு வருஷம் நான் எங்கே இருந்தேன்ப்பா?" என்றாள் சுமதி.

"வீட்ல சமையல் கத்துக்கிட்டேன்னு சொல்லேன்."

"எனக்கு ரசமே வெக்கத் தெரியாதுப்பா. மாட்டிப்பேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். சுமதி என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் டிவியை நிறுத்தினாள். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

காலையில் அவர் புரூஃபைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குள் நான் பேச வேண்டும். பேசினால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்களோ. பேசாவிட்டால், அந்த வீட்டில் என் பெண் இன்னும் எதையெல்லாம் மறைக்க வேண்டியிருக்குமோ.