சிவப்புச் சீட்டுக் குழாய்

ஏப்ரல் 14

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் மூன்று குழாய்களும் நேற்று மதியம் நம் குளிர்பதனக் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ பாதிக் கடிதத்தைத் தாண்டிக் குதித்துப் படிப்பாய்.

லாரிக்காரன் கீழே இறக்கும்போது, "என்னம்மா இது, பீரங்கியா?" என்றான்.

"மண்ணுப்பா."

"மண்ணா? இதுக்கா நாலு எடத்துல கையெழுத்து வாங்கினாங்க!"

"துருவத்துல, ஏரி மேல இருக்கிற ஐஸைத் தொளச்சு, அடியில இருந்து என் மருமக எடுத்தது. ஆட்டாம எறக்கு" என்றேன். நான் சொன்ன தோரணையைப் பார்த்து ஆப்பிள் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து கை கொடுத்தார்கள்.

உங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையில் மெஷின் படுத்துவிட்டது, கொஞ்ச நாள் நம் கிடங்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமைதான். தள்ளுவண்டியில் பழம் விற்றவள் கட்டிய கிடங்குக்குப் படித்தவர்கள் சரக்கு வருகிறதே! குளிரில் வைக்கச் சொல்லியிருந்தாய், வைத்துவிட்டேன். குட்டைக் குழாய் இரண்டும் ஆப்பிள் அறையில். 'மிக முக்கியம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய நெடுங்குழாய்க்கு மட்டும் கிடங்கிலேயே உசந்த அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறேன். ராஜா மாதிரி படுத்திருக்கிறது.

உன் வீட்டுக்காரன் நன்றாகத்தான் இருக்கிறான். சமைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு பாத்திரத்தைக் கருக்கிவிட்டான். நீ சரியாகச் சாப்பிடு. அங்கே விமானம் வந்தால்தான் கடிதம் என்கிறாய், சரி. வரும்போதாவது நாலு வரி கூடப் போட்டு எழுதினால் கை தேயாது.

அத்தை

ஏப்ரல் 25

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடாரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பீரங்கிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் குழுத் தலைவர் சிரிக்கவே மாட்டார். அவரும் சிரித்தார்.

அந்த மண்ணில் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். கோடையில் பனி உருகி ஓடும் தண்ணீர் ஏரிக்குள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். அது வெளிர் பட்டை. குளிர்காலத்தில் ஏரி மூடிக்கொள்ளும். கலங்கிக் கிடந்த மெல்லிய களிமண் மெதுவாக அடியில் படியும். அது கறுப்புப் பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். சில வருஷம் நகக்கனம்கூட இருக்காது. கோடை கடுமையாக இருந்த வருஷங்களில் வெளிர் பட்டை தடித்திருக்கும். மேலிருந்து எண்ணிக்கொண்டே போனால், எழுதி வைக்க மனுஷர் இல்லாத காலத்தில்கூட எந்தக் கோடை சுட்டது, எது சுடவில்லை என்று சொல்லிவிடலாம்.

குட்டைக் குழாய்களில் சில நூறு வருஷம். நெடுங்குழாயில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்க வேண்டும். ஏரியின் நடுவில் ஒரே ஒரு தடவைதான் அவ்வளவு ஆழம் போக முடிந்தது. அதை நம்பித்தான் என் மூன்று வருஷ வேலை நிற்கிறது.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். குழாய்கள் நான்கு டிகிரியில் இருந்தால் போதும். உறைய மட்டும் விடக்கூடாது. உறைந்தால் மண்ணிலிருக்கும் தண்ணீர் பெருத்துப் பட்டைகளைக் கிழித்துவிடும், பிறகு எண்ண முடியாது. குளிரைப் பற்றி உங்களுக்குப் போய்ச் சொல்கிறேன் பாருங்கள்!

உங்கள் பிள்ளையை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் மருமகள்

மே 6

அம்மாடி,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு. நடுவில் இரண்டு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

உசந்த அறை என்று எழுதினேனே, அது பட்டாணி அறை. மைனஸ் பதினெட்டு. ஐஸ் ஊரிலிருந்து வந்த மண், அதிலும் மிக முக்கியம் என்று சீட்டு வேறு, இருப்பதிலேயே கடும் குளிரைக் கொடுப்போம் என்று நினைத்தேன். பதினோரு மூட்டையை வெளியே தள்ளி இடம் பண்ணினேன். உன் நெடுங்குழாய் இருபத்து மூன்று நாளாகக் கல் மாதிரி உறைந்து கிடக்கிறது. குட்டை இரண்டும் ஆப்பிளோடு நான்கு டிகிரியில் சௌக்கியம்.

படித்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இதுக்கா மொகம் வெளுத்துப் போச்சு? எடுத்து ஆப்பிள் ரூம்ல போட்டா ரெண்டு நாள்ல எளகிடும். யாருக்கும்மா தெரியப் போவுது?" என்றார். உன் வீட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். "அம்மா, அவகிட்ட மட்டும் சொல்லிடாத. அங்க ஒத்தையில இருக்கா, ஒடஞ்சு போயிடுவா."

நானும் சம்மதித்துவிட்டேன். மறைக்க மாட்டேன். அறையைத் திறக்கச் சொல்லி, இரண்டு ஆளையும் குழாயின் இரண்டு முனையில் நிறுத்திவிட்டேன். "தூக்குங்க" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாய் வரவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், உன் வீட்டுக்காரனுக்கும் தெரியாது. கிடங்கு ஆரம்பித்த மூன்றாம் வருஷம் கரண்ட் போய் ஒரு அறை முழுக்கப் பட்டாணி இளகிவிட்டது. மறுபடி உறைய வைத்து ஒரு விடுதிச் சமையலுக்குக் கொடுத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பதினேழு பிள்ளைகள் வயிற்றால் போய்ப் படுத்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், அது என் நல்ல நேரம். உறைந்த சரக்கு உறைந்தே கிடந்தால் அதில் என்ன மிச்சமோ அது மிச்சம். இளக விட்டால் உள்ளே என்னென்ன நடக்கும் என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு ஆளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தப் பட்டாணிதான் கண்ணில் நின்றது.

"விட்டுடுங்க. வெளிய வந்து கதவைச் சாத்துங்க" என்றேன்.

குழாய் அப்படியேதான் கிடக்கிறது. நீ சொல்கிறவரை யாரும் தொட மாட்டார்கள், அறைச் சாவி என் இடுப்பில். எவ்வளவு டிகிரி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு கூடைப் பழத்தைக்கூடக் கேட்காமல் உள்ளே விட மாட்டேன். நம் வீட்டுப் பெண் சரக்காயிற்றே என்ற மிதப்பு.

மன்னிப்பு என்று எழுதினால் லேசாகப் போய்விடும். திட்டு. ஆனால் எழுது.

அத்தை

மே 30

அம்மாடி,

இரண்டு விமானம் வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அத்தன ஆசையா மருமக மேல?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

உன் வீட்டுக்காரன் காலையும் மாலையும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறான். நேற்று அதற்கு ஒரு கரண்டி பறந்தது. படவில்லை.

இன்றைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் வேனோடு வந்தார். அவர்கள் குளிர் அறை சரியாகிவிட்டதாம், மூன்று குழாயையும் ஏற்றிப் போகிறேன் என்றார். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கொடுத்துவிடச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், அது இங்கிருந்து போனால் எனக்கும் நிம்மதி. பட்டாணி அறைப் பக்கம் போகவே கால் கூசுகிறது.

கோபம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

அத்தை

ஜூன் 10

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன்.

உங்கள் மே ஆறாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக் கரையோரமாக நடந்தே போனேன். திரும்பி வந்து மூன்று பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் 'பட்டாணி வியாபாரியிடம் கொடுத்தது என் புத்தி' என்று ஒரு வரி இருந்தது. நீங்கள் அவ்வளவும் சொன்ன பிறகு நான் இதை மறைத்தால் நியாயமில்லை. எழுதியவள் நான்தான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

போனது போனதுதான் அத்தை. அந்த மூவாயிரம் வருஷத்தைப் பட்டை பட்டையாக எண்ண முடியாது. மறுபடி தோண்டலாம் என்றால் ஐஸ் இளகிவிட்டது, இந்த வருஷம் யாரும் அதன்மேல் கால் வைக்க முடியாது. தலைவரிடம் சொல்லிவிட்டேன். டிகிரி எழுதாமல் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நடுவுல எளகுச்சா?"

"இல்ல" என்றேன்.

"நிச்சயமா?"

"சாவி எங்க அத்தை இடுப்புல இருக்கு."

ஏரி திறந்து கிடக்கும் கோடைகளில் பாசி வளரும். அதன் சாயம் மண்ணோடு படிந்துவிடும். உறைந்தே கிடந்தால் சாயம் அப்படியே இருக்கும். ஒரு தடவை உறைந்த மண் இளகினால் அது காற்றுப் பட்டுக் கெட்டு அழிந்துவிடும். நீங்கள் அன்றைக்குத் தூக்கச் சொல்லியிருந்தால், இங்கே பாசியே இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று நான் எழுதியிருப்பேன். நல்ல மனசோடு எழுதியிருப்பேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அதை நம்பி அதன்மேல் இன்னும் எழுதியிருப்பார்கள். இப்போது சாயம் பார்க்கப் போகிறோம். எந்தக் கோடை என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. எந்த நூற்றாண்டில் ஏரி அதிகம் திறந்திருந்தது என்று சொல்லலாம். நான் கேட்டதில் பாதிதான், ஆனால் பொய்யில்லாத பாதி.

அதனால் நெடுங்குழாயை வேன்காரரிடம் கொடுக்காதீர்கள். வழியில் இளகிவிடும். செப்டம்பரில் நானே ஐஸ் பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை கால் கூசினாலும் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இன்னும் நான்கு குழாய்கள் நாளைய விமானத்தில் கிளம்புகின்றன. இவை நான்கு டிகிரியில், உறையாமல். பெட்டியின் நாலு பக்கமும் பெரிதாக எழுதிவிட்டேன். விலாசத்தில் உங்கள் கிடங்கைப் போட்டதைப் பார்த்துவிட்டுத் தலைவர், "நம்ம ரூம்தான் சரியாயிடுச்சே, மறுபடி எதுக்கு அங்க?" என்றார்.

"அங்க ஏதாவது ஆச்சுன்னா எங்க அத்தை அன்னிக்கே எனக்குக் கடுதாசி எழுதிடுவாங்க சார்" என்றேன்.

உங்கள் மருமகள்