பார்த்தேன், உடன்படுகிறேன்

நாள் 58 / 07:10

கலிஸ்டோ நிலவு. துளைநிலையம் ஒன்பது. காற்றழுத்தம் சீர். துளையிடுபவர்கள் ஐவர், மருத்துவர் ஒருவர். அந்த ஒருவர் நான், வளர்மதி.

பாறைத்தூள் வடிகட்டி மறுபடி கிழிந்தது. ஒட்டினோம். அய்யாத்துரைக்கு இருமல். அவருடைய மின்பதிவைச் சுற்றுப்பாதையில் இருக்கும் தாய்க்கலத்துக்கு அனுப்பினேன். நான்கு விநாடியில் பதில்.

"பார்த்தேன். உடன்படுகிறேன். மரு. ஜெரால்டு."

ஜெரால்டு தலைமை மருத்துவர். என்னோடு படித்தவன். இந்த வேலைக்கு என்னை அழைத்ததும் அவன்தான்.

இந்தக் குறிப்பு நிலையத்திலேயே இருக்கும். நோயாளிப் பதிவுகள் மட்டுமே மேலே போகும்.

நாள் 66 / 06:55

நிறுவனத்தின் விதி எளிது. தொண்ணூறு நாள், இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு நோயாளியின் பதிவும் மேலே போக வேண்டும். மூத்த மருத்துவர் பார்த்து, கருத்துடன் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாம் நடந்தால் ஜெரால்டின் குழுவுக்கு ஊக்கத்தொகை, எனக்கு முன்கூட்டியே ஊர் திரும்ப ஓர் இருக்கை. ஒன்று தவறினாலும் யாருக்கும் எதுவும் இல்லை.

அய்யாத்துரையின் இடது நுரையீரலில் நிழல். மருந்தை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டேன்.

"பார்த்தேன். உடன்படுகிறேன்."

இரட்டிப்பாக்கினேன். முடிவு என் தலையில் மட்டும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

நாள் 79 / 11:30

இரண்டு நுரையீரலிலும் நிழல். இங்கே சமாளிக்க முடியாது. மீட்புக்கலம் தேவை என்று பதிவின் முதல் வரியிலேயே எழுதினேன்.

"பார்த்தேன். உடன்படுகிறேன்."

கலம் புறப்பட்டதாக எந்தத் தகவலும் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி உடன்பட்டான்.

எத்தனை வரி எழுதினாலும் நான்கு விநாடி.

நாள் 79 / 14:05

ஒரு பதிவு அனுப்பினேன். "நோயாளியின் நுரையீரலில் சிமெண்ட் ஊற்ற இருக்கிறேன்."

"பார்த்தேன். உடன்படுகிறேன்."

அய்யாத்துரைக்குக் கொடுத்த ஒவ்வொரு ஊசியும் நினைவுக்கு வந்தது. ஒரு மருத்துவரும் பார்க்காத ஊசிகள். என்னைத் தவிர.

நாள் 80 / 09:20

குரல் அலைவரிசையில் அழைத்தேன். மூன்றாம் முறை எடுத்தான்.

"வளரு, கோவப்படாம கேளு. எனக்குக் கீழ நாப்பது நிலையம் கிடக்கு. எல்லாத்தையும் வாசிச்சிட்டிருந்தா நான் எப்பம்ட்டி தூங்க? பெட்டியே பதில அனுப்பிரும். எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓடுது."

கலத்தைக் கேட்டேன்.

"இப்பம் வண்டி விட்டா, இத்தன நாளு என்னத்தப் பாத்தன்னு கம்பெனிக்காரன் கேப்பான். தொண்ணூறு முடியட்டும் மக்ளே. மறுநாளே விடுதேன்."

மக்ளே என்றான். கல்லூரியில் என் அப்பா இறந்த அன்றும் அப்படித்தான் அழைத்தான்.

நாள் 83 / 16:40

நிலையத்தின் திரை அய்யாத்துரையைச் "சீர்" என்று காட்டுகிறது. மேலிருந்து வந்த ஒப்புதல்களின்படி. அவர் அதைப் படித்துவிட்டார்.

"டாக்டரம்மா, உங்க பெட்டி நான் நல்லா இருக்கேன்னுல்லா சொல்லுது. அப்ப நாளைக்கு ஷிப்ட்டுக்குப் போவட்டா?"

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. உயிர்வளியைக் கூட்டினேன். வண்டி வருமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாள் 86 / 05:15

அய்யாத்துரை இறந்தார். நாற்பத்தொரு வயது. தூத்துக்குடி. மனைவி பெயர் சந்தனமாரி. ஒரு மகள்.

ஜெரால்டு தானாகவே அழைத்தான். நாடித்துடிப்பு நின்றதைப் படுக்கையின் கருவி மேலே ஒலித்திருக்க வேண்டும்.

"ஏட்டுல மட்டும் அவர நாலு நாளு உசுரோட வச்சிரு. அதுக்கப்புறம் எழுதிக்கோ. உன் சீட்டும் இதுலதான் இருக்கு, பாத்துக்கோ."

அய்யாத்துரையின் உயிர்வளிக் குழாயைக் கழற்றினேன். அவன் இணைப்பில் காத்திருந்தான். பிறகு துண்டித்தான்.

நாள் 86 / 06:02

இறப்பைப் பதிந்தேன். காரணம், நேரம், கலம் கேட்ட தேதிகள், வந்த பதில்கள். எல்லாம். அனுப்பினேன்.

நான்கு விநாடி கடந்தது. ஒரு நிமிடம். பத்து நிமிடம்.

படிக்கிறான்.

நாள் 86 / 06:19

பதிவு இல்லை. அய்யாத்துரையும் இல்லை. எக்ஸ்ரே, ஊசிகள், பெயர், எதுவும் இல்லை. நிலையத்தின் ஆள்கணக்கிலிருந்தே மேலிருந்து நீக்கம். துளையிடுபவர்கள் நால்வர் என்கிறது திரை.

குளிரறையில் அவர் படுத்திருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாள் 91 / 08:00

"ஒன்பதாம் நிலையத்துக்கு வாழ்த்துகள். நூற்றுக்கு நூறு. மருத்துவர் வளர்மதிக்குத் திரும்பும் இருக்கை உறுதி."

அடுத்து அவன் குரல். "பாத்தியா, சொன்ன மாதிரி செஞ்சிட்டேன். வாசல்ல நானே நிப்பேன்."

நாள் 93 / 10:25

கலம் இறங்கியது. ஓட்டுநர் இல்லை. ஓர் இருக்கை. வார் பூட்டியதும் தானே எழும்.

இத்தனை நாள் நான் கெஞ்சிய அதே கலம்.

நால்வரையும் கூப்பிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். அடுத்த கலம் எப்போது என்று ஒருவர் கேட்டார். பதினான்கு மாதம் என்றேன். நீங்கள் போங்கள் டாக்டர் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் இருவருக்கு இருமல் தொடங்கியிருக்கிறது.

நாள் 93 / 11:40

அய்யாத்துரையைக் குளிரறையிலிருந்து ஐவருமாகத் தூக்கி வந்தோம். இருக்கையில் உட்காரவைக்க, உறைந்த முழங்கால் மடங்க நேரமானது. முகத்தை மூடவில்லை. அவர் சட்டைப்பையில் நான் நினைவிலிருந்து எழுதிய பதிவு, மறுபடி, முழுதாக.

அவர்மேல் வாரைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். எடை ஏற்கப்பட்டதாகத் திரை சொன்னது. என் பெயரைச் சொல்லி நல்ல பயணம் என்றது.

எழுந்தது.

வானொலியைத் திறந்து வைத்திருக்கிறேன். அவன் தாய்க்கலத்தின் வாசலில் நிற்பான். கதவைக் கையால்தான் திறக்க வேண்டும்.

இன்னும் இருபது நிமிடம்.