பொடி ஒட்டிய நாட்கள்

1983 ஜூன் 12

எழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட நோட்டுதான், கைதான் கோட்டுக்குள் நிற்பதில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் சாயா ஆறிவிட்டது. ஆனாலும் இது ஒச்சப்பன் எழுதியது! இந்த வயதில், மட்டாஞ்சேரி மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படித்து!

ஜூன் 15

மழை. மாத்திரைக் கம்பெனியில் இன்றும் பொடி ஒட்டியது. காற்றில் ஈரம் இருந்தால் மருந்துப் பொடி, அதை மாத்திரையாக அழுத்தும் இரும்பு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த அச்சுக்கு இங்கே 'பஞ்சு' என்று பேர். மாத்திரையின் மேல்தோல் உரிந்துவிடும். உடனே மிஷின்காரர் வெங்கிட்டு மிஷினை நிறுத்துவார். நான் பஞ்சுகளைத் துடைப்பேன். முதலாளிக்குத் தலைவலி. எனக்கு - சொல்லலாமா? - சந்தோஷம். மிஷின் ஓடினால் இரைச்சலில் பேச முடியாது. மத்தியானம் வெங்கிட்டு சைக்கிளில் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். மிஷின் நின்றால்தான் பேச்சு.

"நேத்து வீட்டுல என்ன சமையல் சாமி?"

"கேட்டு என்ன பண்ணப்போறீர் ஓய்? பஞ்சைத் தொடையும்!" என்றார். பிறகு அவரே, "சக்கை எரிசேரி" என்றார். பலாக்காயில் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு.

அவர் மனைவி மீனாக்ஷியம்மாவின் சமையலை நான் காதால் சாப்பிடுகிறேன்.

ஜூன் 22

என் பெண்டாட்டி பேச்சி செத்துப்போன பிறகு, சுள்ளிக்கல்லில் இருக்கும் என் அறையில் என் குரலை நானே கேட்பதில்லை.

ஜூன் 27

காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் மிஷின் வந்துவிட்டது. முதலாளி தேங்காய் உடைத்தார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே பொடி ஒட்டவே இல்லை. எனக்கு டின் கழுவும் வேலை. வெங்கிட்டு தூரத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். ஏன்டா ஒச்சப்பா, மாத்திரை நல்லா வந்தா உனக்கென்னடா வருத்தம்?

ஜூலை 1

இன்றும் ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 6

எனக்குத்தான் எழுதத் தெரியுமே! துண்டுக் காகிதத்தில் 'நேற்று என்ன சமையல்?' என்று எழுதி, ஓடும் மிஷின் பக்கத்தில் நின்று நீட்டினேன். வெங்கிட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் காதருகே கத்தினார்: "நான் மலையாளம் ஸ்கூலாக்கும் ஓய்! தமிழ் வாசிக்கத் தெரியாது!" சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதில் எழுதியதைக் கத்திச் சொல்ல எனக்கு வெட்கம். டின் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 8, வெள்ளி

மத்தியானம் வீட்டிலிருந்து திரும்பிய வெங்கிட்டு அதே காகிதத்தை என் கையில் வைத்தார். பின்பக்கம் தமிழில் மீனாக்ஷியம்மாவின் எழுத்து. அந்தம்மா படித்தது தமிழ் ஸ்கூலாம். எழுத்துக் கூட்டி, யார் உதவியும் இல்லாமல் வாசித்தேன்: 'மொளகூட்டல். கேட்டுண்டே இருந்தா வயிறு ரொம்புமா? ஞாயித்துக்கிழமையும் அதே பண்றேன், சாப்பிட வாங்கோ.'

வெள்ளைச் சட்டையைத் துவைத்துவிட்டேன். இந்த மழையில் காயுமா? ஈரம் இழுக்கும் மிஷின் பக்கத்தில் நாளைக்குத் தொங்கவிட்டால் முதலாளி திட்டுவாரா? திட்டட்டும்.

மொளகூட்டலின் ருசியை அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்தத் தடவை கேட்ட ருசி இல்லை, தின்ற ருசி.