நிறைந்த பேட்டரியுடன் இறங்கிய மலை

சித்தி,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்கமாட்டேன். என் பள்ளிக் கட்டுரையைப் படித்துவிட்டு, "நீ எழுதினா ஊர்ல இல்லாத பூவெல்லாம் பூத்துடுது" என்று நீ ஒருமுறை சிரித்தாய். அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று பள்ளிவிட்டு வந்ததும் கீழே பார்க்கிங்கில் உன் எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிள்மேல் கிடந்த பழைய பெட்ஷீட்டை விலக்கினேன். ஆடி மாதக் காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனபின் அம்மா போர்த்தியது அது. பின்சக்கர மட்கார்டுக்கு அடியில் கைவிட்டபோது காய்ந்த மண் ஒரு சில்லாக உதிர்ந்தது. நம் பெங்களூர் பொம்மனஹள்ளிப் புழுதி சாம்பல் நிறம். இது நல்ல சிவப்பு. முகர்ந்தேன், ஒன்றும் மணக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் போன வருடம் நாம் ஏறிய மலை வந்துவிட்டது. ஈர இலை, கசங்கிய உண்ணிச்செடி, உன் மழைக்கோட்டின் ரப்பர் வாசனை, எல்லாம் சேர்ந்து.

நான் கீழே போனதற்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதிகள் நாகவேணி அக்காவும் தஸ்லீம் அக்காவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இந்தத் தசரா லீவிலும் மலைக்குப் போகிறார்களாம். உன் வண்டியையும் கொண்டுபோகலாமா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஓட்டுறவளே இல்ல. அது மட்டும் எதுக்கு ஓடணும்?" படியிறங்கும்போது நாகவேணி அக்கா வழக்கம்போல் கன்னடத்தில் 'குட்டிப்பெண்ணே' என்று செல்லமாகக் கூப்பிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சார்ஜ் சுத்தமா இறங்கிட்டா அப்புறம் பேட்டரி எந்திரிக்காது புட்டி. அம்மாவ எப்படியாவது ஒத்துக்க வை."

சாவி போட்டுப் பார்த்தேன். திரையில் கடைசிக் கோடு ஒன்று சிவப்பாக மினுக்கியது.

போன வருடத் தசரா லீவில் நான் பார்த்தபோது இதே வண்டி வேறு மாதிரி இருந்தது. சிக்கமகளூர் வரை மூன்று மோட்டார் சைக்கிள்களும் ஒரு டெம்போவில் கயிறு கட்டி வந்தன. அங்கிருந்து எஸ்டேட் ஜீப் தடம் வழியாக மேலே ஏறினோம். பின்சீட்டில் நான், என் முதுகுப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட புவியியல் புத்தகம். "பண்டிதரே, அந்த மலைய அப்புறம் படிக்கலாம், இந்த மலையில காலைத் தூக்கி வைங்க" என்றாய். பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் அது எனக்குக் கேட்டிருக்காது. நம் மூன்று வண்டிகளும் கல்லில் சக்கரம் நொறுநொறுக்கும் சத்தத்தோடு மட்டும் ஏறின. ஓடைத் தண்ணீர் கேட்டது. முன்வளைவில் நாகவேணி அக்கா தும்மியதும், பின்னாலிருந்து தஸ்லீம் அக்கா அதற்கு வாழ்த்துச் சொன்னதும்கூடக் கேட்டது. ஒரு காட்டுக்கோழி நாம் பக்கத்தில் வரும்வரை நம்மைக் கவனிக்கவே இல்லை.

மேலே மூடுபனி. அவ்வளவு உயரம் வந்தும் மலையைப் பார்க்க முடியவில்லை. எஸ்டேட் வீட்டம்மா அறை கொடுத்தார். கனத்த பிளக் போடக்கூடிய இடம் சமையற்கட்டில் ஒன்றுதான், கிரைண்டருக்கு. முதலில் மாவு, பிறகுதான் உங்கள் வண்டிகள் என்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாவு முடிந்ததும் முறைவைத்து சார்ஜ் போட்டீர்கள். நாளை இறக்கம்தானே, பாதி போதும் என்று மற்ற இருவரும் சீக்கிரமே வயரைப் பிடுங்கினார்கள். நீ மட்டும் கரண்ட் போய்விடுமோ என்று எழுந்து எழுந்து பார்த்து, உன் வண்டியை முழுதாக நிறைத்த பிறகுதான் படுத்தாய்.

காலையில் முதல் இறக்கத்திலேயே அதன் விளைவு தெரிந்தது. ஆக்சிலரேட்டரை விட்டால் உன் வண்டி தானாக வேகம் குறையும். உருளும் சக்கரமே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அந்த இழுப்புதான் பாதி பிரேக் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. நீ ஆக்சிலரேட்டரை விட்டாய், வேகம் குறையவில்லை. உன் முதுகு விறைத்ததை என் கன்னத்தில் உணர்ந்தேன். பிரேக் பிடித்தாய், ஈர மண்ணில் பின்சக்கரம் வழுக்கியது. நாம் மிக மெதுவாக, யாரோ நம்மை உட்கார வைப்பதுபோல, ஓர உண்ணிப்புதருக்குள் சாய்ந்தோம். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. உனக்கு அதுகூட இல்லை.

தஸ்லீம் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "க்யா ஜீ, என்னம்மா இது? பேட்டரி டெஸ்டிங் டிபார்ட்மென்ட் மேடம். கம்பெனியில புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறது நீ. மலைமேல வந்து ஃபுல் பண்ணிட்டு இறங்கறியா?"

"ஏன் தாயி, மாவாட்டுற அம்மாவுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் நாகவேணி அக்கா.

நீ பதிலுக்குக் கிண்டல் செய்யவில்லை. என் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்: "உன்ன வழியில நிக்க வைக்க மாட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்டி. அந்தப் பயத்துல நிறைச்சிட்டேன்."

இறங்குவதற்கு ஒரே வழி, மறுபடி ஏறிக் கொஞ்சம் சார்ஜைச் செலவழிப்பது. சிரித்துக்கொண்டே மூன்று வண்டிகளும் திரும்பின. எஸ்டேட் வீட்டைத் தாண்டி, நேற்று போகாத மொட்டைப்பாறை வரை ஏறினோம். அதற்குள் பனி விலகியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மலைகள்; கிட்டத்தில் பச்சை, தள்ளி நீலம், அதற்கும் அப்பால் மலையா மேகமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. புத்தகத்தை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. நாகவேணி அக்கா எல்லோருக்கும் கடலைமிட்டாய் உடைத்துக் கொடுத்தாள். நீ திரையைப் பார்த்து, "போதும், பேட்டரியில இடம் வந்தாச்சு. இறங்கறப்ப கொஞ்சம் காலியா இறங்கணும்" என்றாய். அதைப் பெரிய வாசகமாக நீ சொல்லவில்லை. வாயில் கடலைமிட்டாய் இருந்தது.

அதன்பின் அந்த மலை முழுவதும் வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. டெம்போ நிற்கும் இடத்துக்கு வந்தபோது மொட்டைப்பாறையில் இருந்ததைவிட சார்ஜ் கூடியிருந்தது. நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து நீ ரொம்பப் பெருமைப்பட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நீயே சொன்னாய், "ஒரு சின்ன சறுக்கல்க்கா." ஏன் சறுக்கியது என்று சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. என் முழங்கையைப் பார்த்துவிட்டு உனக்கு ஒரு கரண்டி சோறு அதிகம் வைத்தாள். அவள் கோபம் அப்படித்தான்.

இன்று சாயங்காலம் அம்மா கார்மென்ட்ஸிலிருந்து வந்து முகம் கழுவும்வரை காத்திருந்தேன். அவள் கையில் அந்த மண்சில்லை வைத்தேன். பிறகு முழுக்கதையையும் சொன்னேன். கிரைண்டர், புதர், நீ என் காதருகே சொன்னது எல்லாம். வண்டியைக் கொடு என்று மட்டும் கேட்கவில்லை.

அம்மா அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்கிட்ட சொன்ன சொல்லுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். அவள் எழுந்து கட்டிலுக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து, ஜன்னல் வழியாகக் கீழே விட்டாள். இருவரும் இறங்கிப்போனோம். எங்கே செருகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஏதோ 'டிக்' என்றது. பச்சை விளக்கு மெல்லச் சிமிட்டியது. அம்மா பெட்ஷீட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி போர்த்தவில்லை.

தஸ்லீம் அக்காவுக்கு அம்மாவே போன் செய்தாள். "வண்டிய எடுத்துட்டுப் போங்கம்மா. ஆனா இறங்கறப்ப பார்த்து" என்றாள். எதிர்முனையில் தஸ்லீம் அக்கா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குக் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

மண்சில்லை என் அகராதியில் 'ம' வரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலைக்கூட நான் கழுத்துவரை நிரப்புவதில்லை. ஏன் என்று தோழிகள் கேட்டால் சொல்வதுமில்லை.

சாப்பிட்டபின் அம்மா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்று கேட்டாள்: "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கு. முழுசா ஏத்திடவா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "வேணாம், இடம் இருக்கட்டும்" என்று சுவிட்சை அணைத்தாள். கீழே அந்தப் பச்சை விளக்கும் அணைந்தது. பிறகு வந்து என் மேசை விளக்கையும் அணைத்துவிட்டாள்.