குறில், நெடில், குறில், நெடில்

அத்தி மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

இன்றும் அத்திப்பழம் நறுக்கிக் காயவைத்தேன். குளவித் தொல்லை தாங்கவில்லை. மத்தியானம் பாட்டின் நடுப்பகுதி திடீரென்று வந்தது. கையெல்லாம் பிசுபிசுக்க ஓடிப்போய் எழுதினேன். அப்பா கோயிலில் எழுத்தராக இருந்தபோது மிச்சம்பிடித்த எகிப்துத் தாள் இன்னும் ஒரு சுருள் இருக்கிறது. முன்பக்கம் பாட்டுக்கு, பின்பக்கம் என் புலம்பலுக்கு.

ஹேராவின் விழாவுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

நான் கேட்ட பாட்டுகளிலெல்லாம் அவளுக்கு ஒரே வேலைதான். புருஷனை வேவு பார்ப்பாள், பிறகு கத்துவாள். ஜீயஸ் பிற பெண்களிடம் எருதாகப் போனார், அன்னமாகப் போனார், பொன்மழையாகக்கூடப் போனார். பாடுகிறவன் அதையெல்லாம் ரசித்து ரசித்துப் பாடுவான். வீட்டில் இருந்தவள் ஏன் என்று கேட்டால் மட்டும் கூட்டம் சிரிக்கும். போன வருஷம் ஒருவன் அவளைச் சந்தைக்காரி குரலில் பாடிக் காட்டினான். அதுவும் இந்த சாமோஸில், அவள் பிறந்த மண்ணில்.

என் ஹேரா கத்தமாட்டாள். தேவர்களின் விருந்தில் அவள் காதுபட எல்லாரும் ஜாடை பேசுகிறார்கள். அவள் தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறாள். ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து ஒலிம்பஸில் யாருக்கும் மது இனிக்கவில்லை. ஜீயஸ் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதுதான் இன்று வந்தது. எழுதி முடித்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது, என்ன பைத்தியமோ.

வளர்பிறை ஐந்து

பாட்டு முடிந்தது. கடைசியில் என் முத்திரை வைத்தாயிற்று. "நொச்சி நிழலில் அந்தேயா கட்டினாள், அம்மா, நினைவில் வை." அந்தேயா என்ற பெயர் ஆறு சீர் அடியில் அலுங்காமல் உட்காரும்.

விழாவின் பாட்டுப்போட்டியில் பெண் மேடையேறிப் பாடக்கூடாது. என் வீட்டுக்காரர்தான் பாடுவார். கல்யாணமான வருஷமே பேசி வைத்தது இது: கட்டுவது நான், குரல் அவருடையது, முத்திரை என் பெயரில். அடுப்புத் தேவதைமேல் கைவைத்துச் சொன்னார். இதுவரை சின்னச் சின்ன விழாக்களில் பாடியிருக்கிறார், என் பெயரை ஒருநாளும் விழுங்கியதில்லை.

அவர் பெயரை வைக்கவும் முடியாது. ஃபிலோனிதேஸ். குறில், நெடில், குறில், நெடில். இரண்டு நெடிலுக்கு நடுவே ஒற்றைக் குறில் வந்தால் துதிப்பாட்டின் அடியில் தளை தட்டும். எப்படி உருட்டினாலும் உள்ளே போகாது. அதை வைத்து அவரே வேடிக்கை பேசுவார்: "எங்கப்பா வெவரமானவரு. எந்தக் கவிஞனும் என்னைப் பாட்டுல வச்சுத் திட்ட முடியாத மாதிரி பேரு வச்சிருக்காரு பாரு."

இன்றைக்கும் சொன்னார். இன்றைக்கும் சிரித்தேன்.

வளர்பிறை ஒன்பது

பாடிக் காட்டச் சொன்னேன். தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமாம். தனியாகக் கடற்கரைக்குப் போய்ப் பாடிப் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்து வீட்டு மிக்கா விழாவுக்கு வாற்கோதுமைப் பணியாரம் சுடுகிறவள். கரையில் அவர் பாட, மீன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றாள்.

சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

வளர்பிறை பதின்மூன்று

கேட்டேன். "அவங்க வேற எதுக்கோ சிரிச்சிருப்பாங்க" என்றார். நம்பிவிட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை வழக்கம்போல ஹேரா அம்மாவின் மரச்சிலையைக் கோயிலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தோம். அந்தக் காலத்தில் கொள்ளைக்காரர்கள் அவளைத் தூக்கிப்போகப் பார்த்தார்கள், படகு நகரவில்லை, கரையிலேயே விட்டுப் போனார்கள். கண்டெடுத்தவர்கள் அவள் தானாக ஓடிவந்துவிட்டாள் என்று நினைத்து, மறுபடி போய்விடாதபடி நொச்சி விளாரால் சுற்றிக் கட்டினார்களாம். நாங்களும் வருஷாவருஷம் கட்டுகிறோம். பணியாரம் படைத்து, அவிழ்த்துக் குளிப்பாட்டித் திரும்பக் கூட்டிப் போவோம். இந்த வருஷம் கட்டு அவிழ்க்குமுன்பே போட்டியை வைத்தார்கள். அவளும் கேட்கட்டும் என்று பூசாரியம்மா சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் மேடை ஏறினார். ஆரம்பம் என்னுடையதுதான். விருந்து வந்தது, ஜாடைப்பேச்சு வந்தது. நான் மிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன், இப்போது கிண்ணம் வரும் என்று.

கிண்ணம் வரவில்லை. என் ஹேரா எழுந்து நின்று, சந்தைக்காரி குரலில் கத்த ஆரம்பித்தாள். ஜீயஸ் படுத்துக்கொண்டே தன் காதலிகளை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அடுக்கினார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் மூக்கைச் சிந்தினாள். பாடிக்கொண்டே அவர் சிந்திக் காட்டினார், மேடையில், தன் அங்கியின் நுனியால். கரை முழுக்கச் சிரித்தது. பின்னால் அவள், தோள்வரை நொச்சியால் கட்டப்பட்டு, அசையமுடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டிப்போட்டவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசி அடிக்காகக் காத்திருந்தேன். அதுவாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. "சாமோஸ்காரன் ஒருவன் கட்டினான், அம்மா, நினைவில் வை." அந்தேயா இருந்த இடத்தில் "சாமோஸ்காரன் ஒருவன்".

பரிசு அவருக்குத்தான். கழுகுத்தலை வைத்த வெண்கலக் கொப்பரை.

மறுநாள்

கேட்டேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன்.

அவர் ஒளிக்கக்கூட இல்லை. சனங்கள் விழாவுக்கு வருவது சிரிக்கத்தான் என்றார். கிண்ணத்தைக் கவிழ்த்தால் யாருக்குப் புரியும் என்றார். கடைசியில் பெண்பிள்ளை பெயர் வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார். அடுப்பைக் காட்டி, இதன்மேல் கைவைத்தீர்களே என்றேன்.

"உன் பேர எடுத்தேன், சரி. என் பேரயா வச்சேன்? வைக்கவும் முடியாதுன்னு உனக்கே தெரியும். யாரோ ஒருத்தன்னுதான போட்டேன். இதுல யாருக்கு என்ன நட்டம்?"

பத்து வருஷம் என் பாட்டுகளைப் பாடிய வாய் அது. அதில் இப்படி ஒரு பேச்சு எங்கே இருந்தது?

தேய்பிறை நான்கு

இன்று சாப்பாட்டில் என் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஹேராவைப் போலவே எழுந்தேன்.

அவன் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மது இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தத் தோன்றவில்லை.

தேய்பிறை ஒன்பது

பூசாரியம்மா ஆள் அனுப்பியிருக்கிறார். இனி வருஷாவருஷம் விழாவில் இந்தப் பாட்டையே பாடவேண்டுமாம். அவன் அப்படியே பூரித்துப்போனான். அந்தக் கத்தலை மட்டுமாவது எடுத்துவிடுங்கள், என் பெயர் வேண்டாம், அவளை விட்டுவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அதற்குத்தானே பரிசு தந்தார்கள் என்றான்.

நான் செத்தபிறகும் ஒவ்வொரு வருஷமும் அவளைக் கட்டிப்போட்டுச் சிரிப்பார்கள். அதற்கு முக்கால் பாட்டு நான் எழுதிக் கொடுத்தது.

மிக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் மாவுக் கையை உதறிவிட்டு, ஏடி, பூசாரியம்மாவிடம் போய்ச் சொல் என்றாள். போனேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் யார் கட்டினால் என்ன, வீட்டுக்குத்தானே பெருமை என்று சொல்லி ஒரு மாதுளம்பழம் கொடுத்து அனுப்பினார். வழியில் கடலில் எறிந்தேன்.

திராட்சை மாதம், வளர்பிறை ஆறு

எழுத ஒன்றுமில்லை. கொப்பரையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

விதைப்பு மாதம், வளர்பிறை எட்டு

நாளை மறுநாள் தெமேத்தர் அம்மாவுக்குப் பெண்கள் விழா. மூன்று நாள் ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்குவோம், ஆண்வாடை ஆகாது. நடுநாள் பட்டினி, அதன்பிறகு வசை. மகளை இழந்து சிரிப்பை மறந்த தெமேத்தரை அந்தக் காலத்தில் ஒரு வேலைக்காரிதான் கொச்சைப் பேச்சால் சிரிக்கவைத்தாளாம். அதனால் அன்று யாரும் யாரையும் எப்படியும் திட்டலாம், தப்பில்லை. மிக்கா ஒரு மாதமாகத் தன் மாமியாருக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாள்.

வசைக்கு அடி வேறு. துதிப்பாட்டின் ஆறு சீர் அங்கே செல்லாது. குறிலும் நெடிலுமாக மாறி மாறி, தெருவில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நடந்துவருவதுபோல வரும்.

குறிலும் நெடிலுமாக.

குறில், நெடில், குறில், நெடில்.

ஐயோ. இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவே இல்லையே. அவன் அப்பா பெயர் வைக்கும்போது வசைக்கென்றே அளந்து வைத்திருக்கிறாரே.

வளர்பிறை பதின்மூன்று

வீடு திரும்பிவிட்டோம். என் தொண்டை கட்டியிருக்கிறது.

பட்டினி நாளில் எல்லாரும் தரையில் நொச்சித்தழை பரப்பி உட்கார்ந்திருந்தோம். மிக்கா தன் மாமியாரைத் திட்டி முடித்து, எல்லாரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். ஹேரா வருகிறாள் என்றேன். கட்டை அறுத்துக்கொண்டு, நொச்சி விளார் தோளில் தொங்க, எங்கள் தெருவுக்கு வருகிறாள். ஒரு வீட்டு வாசலில் நின்று ஒருவனைக் கூப்பிடுகிறாள்.

*என் கரையில் என்னைக் கட்டி வைச்சு ஏறி நின்ன ஃபிலோனிதேஸ்,*
*என் மூக்கைச் சிந்திக் கொப்பரை வாங்கி வீடு போன ஃபிலோனிதேஸ்,*
*அடுப்பு மேல வைச்ச கை இன்னும் வேகலையா ஃபிலோனிதேஸ்?*

இப்படி முப்பது அடி. முதல் மூன்றுக்குச் சிரித்தார்கள். பிறகு கூடச் சேர்ந்து அந்தப் பெயரை மட்டும் எல்லாரும் சொன்னார்கள், தரையைத் தட்டி. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் ஹேராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பழைய கவிஞர்கள் பாதி சரியாகத்தான் சொன்னார்கள் போல. அவள் கத்தினாள்தான். என்ன கத்தினாள் என்று யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும்கூட அவள் வாயைப் பொத்திக் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நடந்தது வெளியே போகக்கூடாது என்று நினைவூட்டினேன். மிக்கா முறைத்தாள்.

"ஏடி, ரகசியமெல்லாம் சடங்குக்குத்தான். வசைக்கு யாருடி சத்தியம் வாங்கினா?"

குளிர் மாதம், தேய்பிறை மூன்று

நீரூற்றில் குடம் நிரப்பும் பெண்கள் அதை முனகுகிறார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை. ஒருத்தி எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள்.

குளிர் மாதம், தேய்பிறை பதினொன்று

துறையில் வலை இழுப்பவர்கள் இழுக்கும் தாளத்துக்கு அந்தப் பெயர் நன்றாகப் பொருந்துகிறதாம். மிக்கா சொன்னாள்.

கடல் திறந்த மாதம், வளர்பிறை பத்து

அவன் டெலோஸ் தீவு விழாவிலிருந்து இன்று திரும்பினான். நான்கு நாள் முன்னதாகவே.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அறிவிப்பவன் அவன் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ தரையைத் தட்ட ஆரம்பித்தார்களாம். சாமோஸ் மாலுமிகளாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கூட்டமே தட்டியதாம். யாழைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டானாம். இங்கே பூசாரியம்மாவும் சொல்லியனுப்பிவிட்டார், இந்த வருஷம் அந்தப் பாட்டு வேண்டாம் என்று. வேறு எந்தப் பாட்டையும் அவர் கேட்கவில்லை. என் கிண்ணத்தை இனி யாரும் பாடப்போவதில்லை. துதி போயிற்று, வசை நிற்கிறது, இரண்டிலும் என் பெயர் இல்லை.

அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவன் இனி எங்கே போவான்?

அடுப்பைப் பார்த்தபடி கேட்டான்.

"வர்ற வழில அந்த வசைய முழுசாக் கேட்டேன். கடைசில முத்திரையே இல்ல. யாரு கட்டினது அது?"

"யாரோ சாமோஸ்காரி ஒருத்தி" என்றேன்.

கொப்பரையில் பருப்பு கொதித்துவிட்டது. ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னேன்.