நேரில் சேர்ப்பித்தது

கொலம்பஸ், ஓஹியோ
10 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

அச்யுத் நமஸ்காரம். நானும் ரோஸியும் சௌக்கியம். பனி இன்னும் விட்டபாடில்லை.

பொங்கலுக்கு அப்பாவுக்குப் போட்ட பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. உறைமேல் 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகியும் அவர் கோபம் ஆறவில்லை. இனி உனக்கே எழுதுகிறேன். அவருக்குச் சொல்ல முடிந்ததைச் சொல்லு.

ரோஸிக்குச் செப்டம்பரில் பிரசவம்.

எனக்குக் காற்று மாசு அலுவலகத்தில் வேலை. இங்கே போன வருஷம் முதல் ஒரு திட்டம். நிலக்கரி எரிக்கிற மின்நிலையம் இவ்வளவு கந்தகப் புகைதான் விடலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுக்கும். குறைவாக விட்டவர்கள் மீந்த அனுமதியை மற்றவர்களுக்கு விற்கலாம். புகை அளவைச் சரியாகத் தெரிவிக்காதவர்களுக்கு நோட்டீஸ் போகும். நான் அந்தப் பிரிவில். ஒரு நிலையத்துக்கு எத்தனையோ முதலாளிகள் இருப்பார்கள். எல்லோருமாக ஒருவரைப் பிரதிநிதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டீஸை அவர் கையில் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுத்த மாதிரி. கோர்ட் அமீனா பிள்ளைக்கு வாய்த்த வேலையைப் பார்.

உன் தம்பி,
அச்யுத்


மயிலாப்பூர்
4 ஏப்ரல் 1996

சிரஞ்சீவி அச்யுதுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். ரோஸியை வெயிட் தூக்க விடாதே. அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியும் என்று சொல்லாதே.

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பிரசவச் செய்திக்குப் பேப்பர் அசையவில்லை. நோட்டீஸ் விஷயம் வந்ததும் மெதுவாகக் கீழே இறங்கியது. படித்து முடித்து நான் அடுப்படிக்குப் போனபின் பின்னாலேயே வந்து கேட்டார்: "அந்தப் பிரதிநிதி வேலைய விட்டுப் போயிட்டான்னா யார்ட்ட குடுப்பாளாம்?"

உங்கள் பிள்ளையையே கேட்டு எழுதுங்களேன் என்றேன். பேப்பரோடு கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது திரும்பவும் அதையே கேட்டார். முப்பது வருஷம் கோர்ட் சம்மனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவராச்சே. பதில் எழுது.

எனக்கும் உன்மேல் வருத்தம் உண்டு. கல்யாணத்தைப் போட்டோவில்தானே பார்த்தேன்.

ஸ்ரீலக்ஷ்மி


கொலம்பஸ்
19 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருத்தப்படுவது நியாயம். 

அப்பா கேட்டது இங்கே நிஜமாகவே நடந்துவிட்டது. ஒரு நிலையத்தின் பிரதிநிதி ரிடையர் ஆகிவிட்டார். கம்பெனி வேறு ஆளை எழுதிக் கொடுக்கவில்லை. நோட்டீஸைத் தபாலில் அனுப்பினால், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆனால் புதுப் பெயர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை பழைய ஆள்தான் பிரதிநிதி என்பது விதி. அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

கதவைத் தட்டியதும் ஒரு கிழவர் தோட்டத்திலிருந்து மண் கையோடு வந்தார். உறையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டார். இது உங்கள் மேல் இல்லை, கம்பெனிமேல்தான் என்று விளக்கினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பெனிக்கும் அன்றே போன் செய்து சொல்லிவிட்டார். இனி அவர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது.

காரில் வந்து உட்கார்ந்தபின் சாவியைப் போடாமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் இப்படி எத்தனை வாசலில் நின்றிருப்பார். வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது நம்மிடம் சொல்லியிருக்கிறாரா?

அச்யுத்


மயிலாப்பூர்
11 ஜூன் 1996

சிரஞ்சீவி அச்யுதுக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை அப்பா என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தார். பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தி.நகரில் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் புருஷன் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்க, அந்த அம்மாள் அவன் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டே அழுதாளாம். அம்மா இருந்தவரை அவளிடம்கூட இதெல்லாம் சொன்னதில்லை என்றார்.

உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: "குடுத்துட்டு உடனே திரும்பிடப்படாது. அவா என்னன்னு கேட்டா, தெரிஞ்ச வரைக்கும் நின்னு சொல்லிட்டு வரணும். அவன் சரியாத்தான் பண்ணிருக்கான்."

உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள் என்று ஏர்மெயில் தாளை நீட்டினேன். எழுத என்ன இருக்கு என்று எழுந்து போய்விட்டார். விடு, பார்க்கலாம்.

ஸ்ரீலக்ஷ்மி


மயிலாப்பூர்
16 செப்டம்பர் 1996

சிரஞ்சீவி அச்யுதுக்கும் ரோஸிக்கும் குழந்தைக்கும்,

என் ஆசீர்வாதம். நீ போனில் சொன்னபடி, குழந்தை பிறந்த செய்தியை ரோஸி வீட்டுக்குத் தந்தி கொடுக்கத்தான் கிளம்பினேன். வாசலில் அப்பா மறித்தார். தந்தி போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிடும் என்று, நேற்று உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு தானே புறப்பட்டுவிட்டார்.

அடையாறில் பஸ் மாறி, கொட்டிவாக்கத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். தெரியாத மனுஷர் ஒருவர் கையில் பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் உன் மாமனார் வேதநாயகம் பயந்துவிட்டாராம். "இன்னா சார், கவர்மெண்ட்டா?" என்று கேட்டாராம்.

"இல்லை, நான் அச்யுதோட அப்பா. நமக்குப் பேத்தி பொறந்திருக்கா. தாயும் கொழந்தையும் சௌக்கியம்" என்று சொல்லியிருக்கிறார். ரோஸியின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். பிறகு அப்பாவை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தாராம். தெருவே கூடிவிட்டதாம். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லும்படி ஆகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார். அலுப்பு முகத்தில் தெரியவில்லை.

கீழே இடம் விடச் சொல்கிறார். விடுகிறேன்.

ஸ்ரீலக்ஷ்மி

சிரஞ்சீவி அச்யுதுக்கு ஆசீர்வாதம். தகவல் நேரில் சேர்ப்பிக்கப்பட்டது. ரோஸியின் தாயார் குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டோ இரண்டு பிரதி அனுப்பவும். கொட்டிவாக்கத்துக்கு உண்டானதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அப்பா
சுவாமிநாதன்