மூன்று இழுப்புக்குள்

மார்ச் 2

என் அருமை மருமகளுக்கு,

உன் ஒரே தாய்மாமன், இந்த ஏரியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் முடிசூடா ராஜா, எழுதுவது. நான் நலம். உன் மாமியும் நலம். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருக்கிறாள், அது ஒன்றும் பெரிதில்லை. நலமில்லாதது நம் படகு மோட்டார்தான்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வந்த மோட்டார், பத்து நாளாய் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. கயிற்றை நானூறு தடவை இழுத்தேன். வேறு எவனாவது என்றால் தோள்பட்டை கழன்று தண்ணீரில் மிதந்திருக்கும். ஒரு தும்மல் தும்முகிறது, கயிற்றை வெடுக்கென்று திருப்பிப் பிடுங்குகிறது, அவ்வளவுதான்.

24ஆம் தேதி படகு ஆபீசர் வருகிறார். மூன்று இழுப்புக்குள் ஸ்டார்ட் ஆகி அரை மணி நேரம் ஓடினால்தான் உரிமம். இல்லாவிட்டால் மில்லுக்குப் போகிற பதினோரு பேரையும் எதிர்த்துறைப் படகுக்காரன் ஒரேயடியாய் அள்ளிக்கொண்டு போய்விடுவான். "பெரியவரே, அந்த மோட்டார் மேல துணி காயப் போடுங்க" என்கிறான், நேற்று முளைத்தவன்.

நீ கப்பல் பட்டறையில் மெக்கானிக். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தாலும் உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாமே என்று எழுதுகிறேன்.

எதற்கும் அஞ்சாத,
மாமா

மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் பேசியே ஆளை மயக்கிவிடுவீர்கள். எழுத்தில் கேட்டால் சாட்சி இருக்கும். வரிசையாகப் பதில் வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இஞ்சின் இரும்பில் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீலப் பொறி வருகிறதா? பொறியைத் தட்டிவிடுகிற பாயிண்ட்டின் இடைவெளியை அளந்தீர்களா? அளக்கும் தகடும் புதுக் கண்டென்சரும் இத்துடன் வருகின்றன, மாற்றிப் பாருங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். மோட்டார் நிற்பதற்கு முன், தண்ணீருக்குள் சுற்றும் விசிறி எதிலாவது மோதியதா?

மாமியை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஓ, வலக்கையில் அல்லவா கட்டு. வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்

மார்ச் 9

சிங்கம் போன்ற மருமகளுக்கு,

பொறியா அது! மின்னல். பார்த்துக்கொண்டிருந்த வலைக்காரர் இரண்டு நாளாய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். கண்டென்சர் மாற்றினேன். பாயிண்ட் இடைவெளியை என் நகத்தால் அளந்தேன், பிறகு உன் தகட்டை வைத்தால் மயிரிழைகூடப் பிசகவில்லை. தகடு சரியாகத்தான் இருக்கிறது என்று உன் பட்டறையில் சொல்லு.

பெட்ரோல் புதுசு. பிளக் புதுசு. அப்படியும் அதே தும்மல். கயிறு திருப்பி அடித்துக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. விடுவேனா? காலையில் நூறு இழுப்பு, மாலையில் நூறு.

மோதியதா என்று என்னைப் பார்த்தா கேட்கிறாய்? முப்பது வருஷத்தில் என் விசிறி ஒரு பாசியைக்கூட உரசியதில்லை. மற்றவன் எல்லாம் மாதம் ஒரு முறை விசிறிப் பின் உடைந்து நடு ஏரியில் நிற்பான். கடையில் விற்கிற மெத்தென்ற பித்தளைப் பின் கோழைகளுக்கு. நான் எஃகு ஆணியை அறுத்து நானே செய்து போட்டிருக்கிறேன். உடையட்டும் பார்ப்போம்!

மாமி சொன்னதை எழுதச் சொன்னாயே. "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். எழுதிவிட்டேன்.

மாமா

மார்ச் 12

மாமா,

அந்தப் பின் உடைவதற்காகவே செய்தது. விசிறி கல்லில் பட்டால் அது உடைந்து இஞ்சினைக் காப்பாற்றும். நீங்கள் ஆணி போட்டதால் அடி நேரே மேலே ஏறியிருக்கும். மேலே சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தைத் தண்டோடு பிடித்துவைக்கிற ஒரு சின்னச் சாவித் துண்டு உண்டு. அது அறுந்தால் ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பிவிடும். பொறி வரும், ஆனால் நேரம் தப்பி வரும். தும்மும். கயிற்றைத் திருப்பி அடிக்கும்.

மோதியதா என்று கேட்டதற்கு உண்மை வந்திருந்தால், இதை நான் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தேதி "பத்து நாளாய்" என்று எழுதினீர்கள். மாமி விழுந்ததாக அம்மாவுக்குத் தகவல் வந்ததும் பிப்ரவரி 20. உங்கள் குளியலறையில் ஒருவர் நின்றாலே சுவர் முட்டும். விழ இடம் ஏது?

சாவித் துண்டு, பித்தளைப் பின் நான்கு, ஃப்ளைவீல் கழற்றும் கருவி ஆகிய மூன்றையும் அனுப்புகிறேன். சுத்தியலைத் தொடாதீர்கள். நடந்ததை எழுதுங்கள். இல்லையென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா மகள்

மார்ச் 16

மருமகளே,

கழற்றினேன். சாவி இரண்டு துண்டு, கத்தியால் வெட்டியது போல. உன் சாவியைப் போட்டேன். ஐந்தாவது இழுப்பில் உயிர் வந்தது. நான் துள்ளவில்லை.

நீ கேட்ட பிப்ரவரி 20 அன்று, மில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் படகில் திரும்பினோம், நானும் மாமியும். எதிர்த்துறைக்காரன் தன் படகில் பக்கத்தில் வந்து கையசைத்தான். மாமி, "விடுங்க, போகட்டும். யார் கேட்டா நீங்க முதல்ல வரணும்னு?" என்றாள். முழுசாய் முடுக்கினேன். துறைக்குப் பக்கத்துக் கல், அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கல். அவள் முன்பலகையில் கையூன்றி விழுந்தாள். குளியலறைக் கதை என்னுடையது. டாக்டர் கேட்டபோது அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து "சாப்பாடு ஆறுது", "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

அடிப்பலகையில் கொஞ்சம் ஈரம் தெரிகிறது. வெயிலுக்குப் படகு வியர்க்கும், அதுதான்.

மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

படகு வியர்க்காது. அது விரிசல். மோட்டார் ஓடிவிடும். பாயிண்ட்டை மறுபடி பாருங்கள், ஃப்ளைவீல் நட்டை முழுசாய் இறுக்குங்கள், மூன்று இழுப்புக்குள் வரும். ஆனால் ஆபீசர், "படகு எங்காவது மோதியதா?" என்று கேட்பார். அது அவர் படிவத்தில் உள்ள கேள்வி. அதற்கு நான் உதிரிபாகம் அனுப்ப முடியாது.

அக்கா மகள்

மார்ச் 25

என் அன்பு மருமகளுக்கு,

துறையில் ஊரே கூடியிருந்தது. ஊர் என்றால் ஒன்பது பேர். எதிர்த்துறைக்காரனும் இருந்தான், மாமியும் இருந்தாள். இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. அரை மணி நேரம் தையல் மெஷின் போல ஓடியது. ஆபீசர் பேனாவைத் திறந்து, "மோதல் ஏதாவது உண்டா?" என்றார்.  சொன்னேன். கல்லைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், மாமியின் கையைச் சொன்னேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். மெதுவாய்ப் பேச எனக்கு எப்போது வந்தது?

உரிமம் நிறுத்திவைப்பு. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, ஒரு மாதத்தில் மறுசோதனை. அதுவரை பதினோரு பேரும் அவன் படகில். "பெரியவரே, பலகை தூக்க ஆள் வேணுமா?" என்றான். வேண்டாம் என்றேன். பிறகு வேணும் என்றேன்.

இன்று காலை படகைக் கவிழ்த்தாயிற்று. விரிசல் ஒரு முழம்.

இதுவரை எழுதியதை மாமிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில், "நிறுத்துங்க. முதல் இழுப்பா?" என்றாள். முதல் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு இரண்டாவது என்று திருத்தினேன். "ம், மேல படிங்க" என்றாள்.

மாமா